துண்டறிக்கையை அவர்கள் மொழியிலேயே அச்சிட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி கேட்டவர் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர். சிறுபான்மைச் சமூகம் ஒன்றுக்காகத் துண்டறிக்கையை அவர்கள் மொழியிலேயே அச்சிட்டார்களாம். அட்டையில் அவர்களைப் போன்ற ஒரு பெண்ணின் படத்தையும் போட்டார்களாம். அப்படியும் அழைத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. "பண்பாட்டுக்கு ஏற்ற அணுகுமுறை என்று பயிற்சியில் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே பலன் தருமா? செவிலியராக நான் வேறு என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். இதற்குள் வாய்விட்டுக் கேட்காத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர்கள் வராததற்குக் காரணம் அவர்களுடைய பண்பாடா, நாமா? இதற்கு முதலில் பதில் தேடினால்தான் மற்றதற்கு வழி பிறக்கும்.

மார்பகம், கர்ப்பப்பை வாய், பெருங்குடல் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனைப் பிரிவுகளில் 20 வருடங்களுக்கு மேல் செவிலியராக இருந்திருக்கிறேன். நுரையீரல், புராஸ்டேட் இரண்டிலும் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் அவற்றைத் தொடவில்லை.

என் முதல் வருடங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. கூட வந்த பன்னிரண்டு வயது மகனையே மொழிபெயர்க்கச் சொன்னோம். "கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேளுப்பா" என்றேன். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். பதிவேட்டில் நான் "மறுத்துவிட்டார்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி அழைத்தோம். வந்தார், பத்து நிமிடத்தில் பரிசோதனை முடிந்தது. அவர் மறுத்தது பெற்ற மகன் முன்னால் தன் உடம்பைப் பற்றிப் பேசுவதை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

உங்கள் பட்டியலில் "வரவில்லை", "மறுத்தார்" என்று இருக்கும் பெயர்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் பிரிவு, ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை, பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்ட வரவேற்பாளர், ஆண் மருத்துவர் வந்துவிடுவாரோ என்ற பயம். நம் பக்கத்துக் குறைகளுக்கும் "அவர்களுடைய பண்பாடு" என்று பெயர் சூட்டிவிடுவது நமக்கு வசதியாகப் போய்விட்டது. பண்பாட்டுத் தயக்கங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன், நிச்சயம் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் அவற்றைவிட வாசலிலேயே இருக்கும் தடைகள்தான் அதிகம்.

செவிலியர் துறையில் இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். மானுடவியலும் படித்த செவிலியரான மேடலின் லெனிங்கர், நோயாளியின் பண்பாட்டை அறியாமல் முழுமையான பராமரிப்பு தர முடியாது என்று சொல்லி அதை ஒரு தனிப் பாடமாகவே வளர்த்தெடுத்தார். அவரிடமிருந்து நிறையக் கற்றேன். ஆனால் என்னை மாற்றியவர் நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். 1980களின் பிற்பகுதியில் அவர் "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கருத்தை முன்வைத்தார். நோயாளியின் பழக்கவழக்கங்களைச் செவிலியர் மனப்பாடம் செய்வதை அவர் பெரிதாக எண்ணவில்லை. செவிலியர் தன்னுடைய பண்பாட்டையும், தன் கையில் இருக்கும் அதிகாரத்தையும் முதலில் உணர வேண்டும் என்றார். கிடைத்த பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதைப் பெற்றுக்கொண்டவர்தான், கொடுத்தவர் இல்லை என்றார். இதை உங்கள் பிரிவுக்குப் பொருத்திப் பாருங்கள். துண்டறிக்கை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தது யார்?

துண்டறிக்கை என்றதும் இன்னொன்று. சுகாதாரத் தகவல்களைப் பண்பாட்டுக்கு ஏற்ப அமைப்பதில் மேல்தளம், ஆழ்தளம் என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். மொழி, படம், நிறம், உடை எல்லாம் மேல்தளம். இவை இருந்தால் எடுத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நோயைப் பற்றிய நம்பிக்கை, குடும்பத்தில் முடிவெடுப்பவர், வெட்கம், மருத்துவமனையோடு அந்தச் சமூகத்துக்கு இருக்கும் பழைய கணக்கு எல்லாம் ஆழ்தளம். வருவதா வேண்டாமா என்பது அங்கேதான் முடிவாகிறது. நீங்கள் செய்தது முதல் படி, அது வீண் இல்லை. மொழிபெயர்ப்பிலும் ஒரு முறை கவனம் வையுங்கள். எந்த அறிகுறியும் இல்லாதவரைச் சும்மா பார்த்துவைப்பதுதான் இந்தப் பரிசோதனை. "புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவும்" என்று நேராக மொழிபெயர்த்துவிட்டால், "எனக்குப் புற்றுநோய் இருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது" என்று அது வீட்டில் படிக்கப்படுகிறது. அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். வராமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

அடுத்து, அடிக்கடி காதில் விழும் புகார்: "அவர்கள் எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடுகிறார்கள்." இதை ஒரு சமூகத்தின் குணமாகப் பார்ப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். காரணம் நியூயார்க்கின் ஹார்லெம். அங்கே ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர், 1964 முதல் 1986 வரை தம் மருத்துவமனைக்கு மார்பகப் புற்றுநோயோடு வந்த 606 பெண்களின் விவரங்களைத் தொகுத்தார். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பெண்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நோய் மூன்றாம், நான்காம் நிலையை எட்டிய பிறகுதான் வந்திருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம் பேர். அந்தத் தெருவில் வளர்ந்த ஒரு பெண்ணாக யோசித்துப் பாருங்கள். அத்தைக்குப் புற்றுநோய் வந்தது, போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்தது, அவரும் போய்விட்டார். "புற்றுநோய் என்றால் சாவு" என்று அந்தப் பெண் சொன்னால் அது மூடநம்பிக்கை ஆகாது, கண்ணால் கண்டதைச் சொல்கிறார். தாமதமாக வருவதால் சாகிறார்கள், சாவதைப் பார்ப்பதால் மற்றவர்கள் வர அஞ்சுகிறார்கள். இந்த வட்டத்தைப் புள்ளிவிவரத் தாளைக் கொடுத்து உடைக்க முடியாது. பிழைத்தவரைக் கண்முன் நிறுத்த வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய "விட்னஸ் புராஜெக்ட்" செய்தது அதைத்தான். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் தங்கள் தேவாலயங்களில் எழுந்து நின்று, சாட்சி சொல்லும் அதே மரபில் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

"எல்லாம் கடவுள் விட்ட வழி" என்று ஒருவர் என்னிடம் சொன்னால் நான் வாதாடுவதில்லை. நம்பிக்கையோடு மல்லுக்கு நின்று எந்தச் செவிலியரும் ஜெயித்ததில்லை. "சரிம்மா, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் ஒரு கதை வெளியே வரும். அதைக் குறுக்கே பேசாமல் கேட்ட பிறகுதான் பரிசோதனையைப் பற்றி வாய் திறப்பேன்.

பரிசோதனை அறைக்குள் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்கு இடுப்புக்கு மேல் முழுவதும் கழற்றிவிட்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கம் படம் எடுக்கும்போது மறு பக்கத்தை மூடி வைக்கலாம், தலையை மறைக்கும் துணியையும் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மார்பகத்துக்கும் வழக்கமாக இரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் சில நொடிகள் அழுத்தம். இதை முன்கூட்டியே எண்ணிக்கையோடு சொன்னால் தாங்கிக்கொள்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். விரும்பினால் அவரே உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பேன். "நிறுத்துங்கள் என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன்" என்று சொல்வேன், சொன்னபடி நிறுத்தவும் செய்வேன். போரிலிருந்து தப்பி வந்தவர்களிலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிலும் சிலருக்கு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுப்பதே பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதுபோல இருக்கும். சிறுவயதில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு உள்ளானவர்களுக்கு வலியும் வேறு. முன்னால் கேட்காமல் தொட்டுவிட்டால் அவரை மட்டும் இழக்க மாட்டோம், அவர் யாரிடமெல்லாம் சொல்வாரோ அத்தனை பேரையும் இழப்போம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இப்போது நிலைமை பெரிதும் மாறிவிட்டது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸுக்கான பரிசோதனைக்குப் பெண்ணே தனியாக ஒரு சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில், அது மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய இணையாகவே நோய்க்கு முந்தைய மாற்றங்களைப் பிடிக்கிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலையில் இந்த வாய்ப்பைத் தகுதியுள்ள எல்லாருக்கும் திறந்துவிட்டது, நியூசிலாந்து 2023 செப்டம்பரில். வெட்கத்தால் பல வருடங்கள் தள்ளிப்போட்டவர்கள் கழிவறைக்குள் போய் இரண்டு நிமிடத்தில் குச்சியோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது, இத்தனை காலம் "விழிப்புணர்வு இல்லை" என்று அவர்களைக் குறை சொன்னது எவ்வளவு தவறு என்று புரிகிறது.

அந்த வசதியோடு புதிய பொறுப்பும் வருகிறது. முடிவில் "பாசிட்டிவ்" என்று இருந்தால், நல்ல செய்தி என்று நினைத்து நிம்மதியாகப் போனவர்கள் உண்டு. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று வரும், பெரும்பாலும் கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்பார்கள்: "இது எப்படி எனக்கு வந்தது?" உடலுறவால் பரவும் வைரஸ் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஒரு வீடு உடைந்துபோகலாம். இது மிகப் பரவலான வைரஸ், பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்து போகும், பல வருடங்கள் வெளியே தெரியாமல் தங்கியும் இருக்கும், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் மாதிரி எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். பிறகு, "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே ஒரு முறை சொல்ல வைப்பேன். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் சொன்னதில் எது போய்ச் சேரவில்லை என்று தெரியவரும்.

பெருங்குடல் பரிசோதனையில் என் பாடம் வேறு. எது சிறந்த பரிசோதனை என்று நாம் முடிவு செய்துவிட்டுப் பிறகு மனதை மாற்றப் பார்க்கிறோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் பல இனத்தவர் வரும் மருத்துவ மையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2012இல் வெளியானது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி மட்டும் பரிந்துரைக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் பரிசோதனையை முடித்தார்கள். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் எளிய பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டவர்களில் 67 சதவீதம். இரண்டில் எது வேண்டும் என்று கேட்கப்பட்டவர்களில் 69 சதவீதம். ஆனால் இதே ஆய்வின் தொடர்ச்சியையும் சொல்லியாக வேண்டும். மலப் பரிசோதனை வருடாவருடம் செய்ய வேண்டியது. மூன்று வருடங்களும் விடாமல் செய்தவர்கள் 14 சதவீதம்தான். முதல் வருட எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடக் கூடாது, நினைவூட்டும் தொலைபேசி அழைப்பும் திட்டத்தில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

அப்படிக் கூடவே நின்று கொண்டுபோய்ச் சேர்ப்பவரைத்தான் நேவிகேட்டர் என்கிறோம். 1990இல் ஹார்லெமில் இதைத் தொடங்கியவரும் ஃப்ரீமன்தான். 1995 முதல் 2000 வரை மார்பகப் புற்றுநோயோடு அங்கே வந்த பெண்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 70 சதவீதம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் மருத்துவமனைகளில் நேவிகேட்டர் செவிலியர்களை அமர்த்தி, காப்பீடு இல்லாதவர்களின் செலவையும் ஏற்றுக்கொண்டது. கறுப்பினத்தவரில் பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2001இல் சுமார் 48 சதவீதம், 2009இல் 74 சதவீதம். வெள்ளையரோடு இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தது. பாஸ்டனை ஒட்டிய செல்சியில் நோயாளிகளின் மொழி பேசும் நேவிகேட்டர்களை வைத்து நடத்திய ஆய்வில் 27 சதவீதம் பேர் பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டார்கள், நேவிகேட்டர் இல்லாத பக்கம் 12 சதவீதம். பரிசோதனையைச் செவிலியரே செய்தால் போதுமா என்று யாராவது இழுத்தால், 2007இல் வெளியான திண்டுக்கல் மாவட்ட ஆய்வைக் காட்டுங்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையில் ஒரே ஒரு முறை பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

இவ்வளவையும் வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம்? செலவைக் குறைத்து, மொழி தெரிந்த ஒருவரைக் கூடவே நிறுத்தி, சந்தேகமான முடிவு வந்தவரைக் கைவிடாமல் பின்தொடர்ந்தால் வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். இது பல இடங்களில் பல சமூகங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாதது, இதில் பண்பாட்டுப் பங்கு மட்டும் எவ்வளவு என்பது. ஹார்லெமிலும் டெலவேரிலும் இலவசப் பரிசோதனையும் நேவிகேட்டரும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து அளக்க அவை அமைக்கப்படவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் ஒரு முறை வந்தார்களா என்பதோடு நின்றுவிடுகின்றன. "பண்பாட்டுக்கு ஏற்ற துண்டறிக்கை உயிரைக் காத்தது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அதே சமூகத்தைச் சேர்ந்த செவிலியரை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. பலருக்கு அது ஆறுதல். ஆனால் சிறிய சமூகங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "அவர் என் நாத்தனாரின் தோழி, அவர் வேண்டாம்" என்று என்னிடம் கெஞ்சியவர்கள் இருக்கிறார்கள். அதனால் நானாக முடிவு செய்வதில்லை, கேட்டுவிடுவேன். கணவரோ மாமியாரோ கூட வந்தால் அவர்களை வெளியே தள்ளுவதும் சரியில்லை, எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்பதும் சரியில்லை. ஐந்து நிமிடமாவது அவரோடு தனியாகப் பேசும்படி நடைமுறையை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் யார் மனமும் புண்படாது.

கடைசியாக ஒன்று, என் மனதில் மிகக் கனமாக இருப்பது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) இருந்த ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அந்த ஆண்களை நாற்பது வருடங்கள் திட்டத்தில் பிடித்து வைத்திருந்தது எது? பெரும்பங்கு யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை. அவரும் கறுப்பினத்தவர்தான். அவர்களுடைய பேச்சும் வீடும் குடும்பமும் அவருக்குத் தெரியும், தன் காரிலேயே அழைத்துப் போவார். பண்பாட்டை அறிந்த செவிலியர் எப்படி இருக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்கிறோமோ, அதெல்லாம் அவரிடம் இருந்தது. அதனால்தான், எத்தனை பேரை வரவழைத்தோம் என்ற இலக்கு என் மேசைக்கு வரும்போது எனக்கு எச்சரிக்கை உணர்வு வருகிறது. பரிசோதனையிலும் பாதகம் உண்டு. இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம், ஒருபோதும் தொல்லை தந்திருக்காத கட்டிக்குச் சிகிச்சை நடக்கலாம். இதையும் அவர்கள் மொழியில் சொன்ன பிறகு ஒருவர் "வேண்டாம்" என்றால், அது என் தோல்விப் பட்டியலில் வராது. சந்தேகமான முடிவு வந்தவருக்கு அடுத்த பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழி இல்லாத இடத்தில் ஆட்களைத் திரட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது என்று கேட்டதால்: துண்டறிக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள். வராதவர்கள் பட்டியலிலிருந்து இருபது பெயர்களை எடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து, மாலை நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் மன்னிப்புதான் கேட்பார்கள். "நாங்கள் கூப்பிட்ட விதத்திலோ இடத்திலோ நேரத்திலோ எது உங்களுக்குச் சிரமமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே, சுருக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சமூகம், எந்தப் பரிசோதனை என்று குறிப்பிட்டு அந்தக் குறிப்புகளை இங்கே போடுங்கள், பெயர்கள் இல்லாமல். ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.